வாசல் வழியாக மாடிக்கு

என் ஓரகத்தி தினமும் காலையில் குளித்து, தலை பின்னி, இஸ்திரி போட்ட சுடிதார் அணிந்து, தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அத்தை, போயிட்டு வரேன்" என்பாள். மாமியார் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, "மகராசியா போயிட்டு வா" என்று அனுப்பிவைப்பார். அவள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரை வரை நடந்து, கரையோரமாகவே கொஞ்ச தூரம் போய்த் திரும்புவாள். திரும்பி வந்து அதே கேட்டைத் திறந்து, வீட்டுக்குள் நுழையாமல், பக்கவாட்டில் இருக்கும் வெளிப்படிக்கட்டில் ஏறி எங்கள் வீட்டு மொட்டைமாடி அறைக்குப் போய்விடுவாள். அங்கேதான் அவளுக்கு ஆபீஸ். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வழக்குப் பார்க்கிறாள்.

அவள் கிளம்புகிற அழகை நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். முந்தின நாள் நைட்டி, குளிக்காத தலை, பக்கத்தில் ஆறிப்போன காபி. எனக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் டீமுக்கு லீட். கொரோனா சமயத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தோம். என் கணவர் வங்கி வேலையைப் பட்டுக்கோட்டைக்கு மாற்றிக்கொண்டார், என்னைக் கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை, அப்படியே தங்கிவிட்டோம். பிறகு கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி இவள் வந்தாள். ஒரே வீட்டுக்கு இரண்டு மருமகள்கள், இரண்டு பேருக்கும் லேப்டாப், இரண்டு பேருக்கும் ஒரே வைஃபை. ஆனால் அவள் வேலைக்குப் போகிறவள். நான் வீட்டில் இருக்கிறவள்.

சிலிண்டர் வந்தால் நான்தான் எழுந்து போக வேண்டும். கூரியர் வந்தால் நான். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தால் நான். "வீட்லதான இருக்க, அந்தப் பாலக் கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மாமியார் கோயிலுக்குப் போய்விடுவார். மீட்டிங்கில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்கும் நேரம் பார்த்துப் பால் பொங்கும். நான் ஹெட்போனோடு ஓடுவேன், ஒயர் இழுபட்டு லேப்டாப் மேஜை விளிம்புவரை வந்து நிற்கும். மாடியில் அவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மனுஷியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

முதலில் அந்த அறைமேல் பொறாமை. அப்புறம் அவள் இடுப்புமேல். நடக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்னும் அவளுக்குச் சேர்கிறது. எனக்கு லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு மிக்சர் டப்பா. வேலை டென்ஷனாக இருந்தால் மிக்சர், வேலை இல்லாவிட்டால் சும்மா இருக்கிற கைக்கு மிக்சர். மத்தியானச் சாப்பாடு சில நாள் சாயங்காலத்தில் முடியும். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சுகர் எல்லையில நிக்குதும்மா, தினம் நடங்க" என்றார். எங்கே நடப்பது, எப்போது நடப்பது என்று கேட்டேன். "உங்க வீட்லயே ஒரு பொண்ணு நடக்குதே, தினம் ஆத்தங்கரையில பாக்கறேன். அது கூடப் போங்க" என்றார்.

ஒருநாள் கணவரிடம் சொன்னேன், "அவளுக்கென்ன, புள்ளையா குட்டியா, நடப்பா." சொன்னதும் எனக்கே நாக்கு கசந்தது. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீயும் நட, யாரு வேணாங்கறா" என்றார். அவர் சொல்வது சுலபம். காலையில் டிபன் பாக்ஸோடு பைக்கில் ஏறினால் ராத்திரி வரைக்கும் அவரை யாரும் பாலைப் பார்க்கச் சொல்ல முடியாது.

பார்த்துப் பார்த்து அவள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தேன். மாமியார் எதை மீறமாட்டாரோ அதைவைத்து அவள் வேலி போட்டிருந்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லிப் படியிறங்கியவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, அது எங்கள் வீட்டில் சட்டம். அதனால் அவளிடம் கடைசி நேரத்தில் யாரும் வேலை சொல்வதில்லை. சாப்பிடுகிற ஆளை இலையிலிருந்து எழுப்பக் கூடாது என்பது இன்னொன்று. அதனால் லேப்டாப் பக்கத்திலேயே போகாமல் மத்தியானம் தரையில் உட்கார்ந்து, தட்டைப் போட்டு, நிதானமாகச் சாப்பிடுவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுப் பெண் இருட்டு அறையில் முடங்கிக் கிடக்கக் கூடாது. மாமியார் கீழே விளக்கேற்றி மணியடித்ததும் மேலே அவள் லேப்டாப்பை மூடிவிட்டு முகம் கழுவிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்துவிடுவாள். அதற்கு மேல் பெங்களூரே தலைகீழாக நின்றாலும் அவளுக்குக் கவலை இல்லை.

எனக்கும் அதே மாமியார்தானே, எனக்கு மட்டும் ஏன் இதெல்லாம் இல்லை என்றால், அதற்குக் காரணம் நான்தான். சென்னையிலிருந்து வந்த புதிதில் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் கிளம்பினோம். படியிறங்கும்போது மகள் என்னைக் கூப்பிட, மாமியார் அவள் வாயைப் பொத்தினார். நான் சிரித்து, "சும்மா கூப்புடட்டும் அத்தை, எனக்கு அந்தச் சகுனமெல்லாம் கிடையாது" என்று பெரிய மனசோடு சொன்னேன். அவர் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து என்னை முன்னாலும் கூப்பிடலாம், பின்னாலும் கூப்பிடலாம், சாப்பிடும்போதும் கூப்பிடலாம். பெரியவதான் எதுவும் பார்க்கமாட்டாளே.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைப் பொறாமை. அசல் பொறாமை என் மகளைப் பற்றியது.

நாலாவது படிக்கிறாள். ஸ்கூல் வேன் வந்து இறக்கிவிட்டதும் பாலைக் குடித்துவிட்டு, வெளிப்படிக்கட்டின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்பாயி எப்போது விளக்கேற்றுவார் என்று எட்டி எட்டிப் பார்ப்பாள். மணிச் சத்தம் கேட்டதும், "சித்தி, முடிஞ்சிடுச்சி" என்று கத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். வீட்டுப்பாடம் அங்கே, விளையாட்டு அங்கே, சில நாள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். எனக்கு அப்போதுதான் வெளிநாட்டுக் கிளையண்டோடு கால் ஆரம்பிக்கும். அவர்களுக்குப் பொழுது விடிகிற நேரம். அவர்கள் காபி குடித்துக்கொண்டு நிதானமாகப் பேசுவார்கள். இடையில் அவள் ஏதாவது சொல்ல ஓடிவந்தால், ம்யூட்டில் போட்டுவிட்டு, சீக்கிரம் சொல், மெதுவாகச் சொல் என்பேன். என் மகள் மாடியில் சிரிக்கிற சத்தம் ஹெட்போனைத் தாண்டி எனக்குக் கேட்கும். என்ன ஜோக் என்று தெரியாது. நான் கால் முடித்து நிமிரும்போது அவள் அப்பாயி கையால் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகிக் கிடப்பாள்.

அவள் கோரைப்பல் விழுந்த விஷயம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. காலையில் தலை பின்னிவிடும்போது கண்ணாடியில் ஓட்டையைப் பார்த்தேன். "எப்படி பாப்பா விழுந்துச்சு, பல்லு எங்க" என்று பதறினேன். "நேத்தே விழுந்துடுச்சும்மா. சித்தி சாணி வாங்கிட்டு வந்து, பல்ல உள்ள வச்சு உருட்டிக் குடுத்தாங்க. கூரை மேல நானே எறிஞ்சேன்." எந்த வீட்டில் மாடு இருக்கிறது என்று விசாரித்து, போய், சாணி வாங்கி வந்து. அதை நான் செய்திருக்க வேண்டும். பல்லைக்கூட அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று தோன்றியது. ரப்பர் பாண்டை இறுக்கிப் போட்டுவிட்டேன், பிள்ளை வலிக்குதும்மா என்றாள்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். விளக்கு வைத்ததும் என் பெண் என்னிடம் வர வேண்டும். அதற்கு நானும் வேலைக்குப் போகிறவளாக மாற வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் குளித்து, புடவையே கட்டிக்கொண்டு, லேப்டாப் பையைத் தோளில் மாட்டி வாசலில் நின்று, "அத்தை, போயிட்டு வரேன்" என்றேன். மாமியார் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்கக் கூடாதே என்று விழுங்கிவிட்டு, "மகராசியா போயிட்டு வா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆற்றங்கரைக்குப் போனேன், நடந்தேன், மூச்சு வாங்கியது, ஆனாலும் நடந்தேன். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது. ஓரகத்திக்கு ஏறிப் போக ஒரு மாடி இருக்கிறது. நான் எங்கே போவது? கடைசியில் கொல்லைப்பக்கம் சுற்றிப் போய்ப் பின்கதவு வழியாக நுழைந்தேன். நேராக மாமியார்மேல் மோதினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயையோ, என்னத்த மறந்துட்ட? போன காரியம் தடையாயிடுச்சா? உக்காரு, உடனே கிளம்பாத, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று பலகையைப் போட்டு உட்கார வைத்துவிட்டார். கிளம்பியவள் பாதியில் திரும்பினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துத்தான் மறுபடி புறப்பட வேண்டும், அதுவும் சட்டம். சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். "எங்கயும் போகலத்தை, இங்கதான் வேலை பாக்கப் போறேன்" என்றேன். "அப்ப உக்காந்தது உக்காந்த, இந்தக் கொத்தவரங்காய ஆஞ்சிரு" என்று முறத்தைத் தள்ளினார். நல்லவேளை, பட்டுப்புடவை கட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மாடியில் துணி காயப்போடப் போனேன். ஓரகத்தி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலைக் கூத்து அவளுக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அத்தையை நல்லா ஏமாத்தறம்மா நீ" என்றேன், விளையாட்டுப் போல.

"ஏமாத்தலக்கா. எனக்கே அப்படிச் சொல்லிட்டு எறங்குனாத்தான் வேலைக்கு வந்த மாதிரி இருக்கு. இல்லன்னா நானும் நைட்டியோட கட்டில்லயே கெடப்பேன்."

"சாயங்காலம் கம்பெனியில கூப்ட்டா எடுக்கமாட்டியா? திட்டமாட்டாங்களா?"

"ஆரம்பத்துல திட்டுனாங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா பாக்கறேன்னு சொல்லிடுவேன், பாத்தும் குடுத்துடுவேன். இப்பல்லாம் கூப்பிடறதே இல்ல. அவ்ளோதான்க்கா."

அவ்வளவுதானாம். எனக்கு அந்த அவ்வளவுதான் மேல்தான் அப்படி ஒரு கோபம் வந்தது. நான் வருஷக்கணக்கில் கிடந்து உழல்கிற ஒரு விஷயம் இவளுக்கு அவ்வளவுதான்.

கிளிப்பை எடுத்துக் கொடுத்தபடி அவளே சொன்னாள், "நீங்க வேணா இந்த ரூம எடுத்துக்கங்கக்கா. நான் கீழ உக்காந்துக்கறேன். உங்களுக்குத்தான் கால் நிறைய இருக்கு."

மனதாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கலாம். "வேண்டாம்மா, எனக்குக் கீழயே சவுரியம்" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கி மிக்சர் டப்பாவைக் காலி செய்தேன்.

எங்களுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம், குத்தகைக்கு விட்டிருக்கிறோம். அங்கிருந்து வரும் நெல்லை மூட்டையாக அடுக்கிவைக்க வீட்டின் பின்பக்கம் ஓர் அறை உண்டு. மூட்டை இறக்குவதற்கு வாகாக அதற்குக் கொல்லையிலிருந்து தனிக்கதவு. சம்பா நெல்லில் பாதியை அரைத்துத் தின்றாகிவிட்டது, பாதி அறை காலி. ஞாயிற்றுக்கிழமை கணவரை வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி மீதி மூட்டைகளை ஒரு சுவரோரமாக அடுக்கவைத்தேன். பெருக்கி, ஜன்னலைத் திறந்து, மேஜை போட்டு, ஒரு ஃபேன் மாட்டினோம். தும்மல் வந்தது. அந்துப்பூச்சி லேப்டாப் வெளிச்சத்துக்கு வந்து மொய்த்தது. பரவாயில்லை, கதவு இருந்தது, அதற்குத் தாழ்ப்பாளும் இருந்தது.

மாமியாரிடம் போய் நின்றேன். "அத்தை, எனக்கும் பின்னாடி கூப்பிட்டா ஆகாது. சாப்பிடறப்ப எழுப்புனாலும் ஆகாது. இனிமே எல்லாம் பாக்கணும்" என்றேன். என்னமோ நேர்த்திக்கடன் சொல்கிற மாதிரி இருந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நீதான மெட்ராஸ்காரி, எதுவும் கெடையாதுன்ன" என்றார். மறுநாள் நான் சொல்லிவிட்டுப் படியிறங்கியபோது, எனக்கும் கையைத் துடைத்துக்கொண்டே வாசல்வரைக்கும் வந்தார். ஆற்றங்கரை முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேனேஜரிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. சாயங்காலக் கால்களை டீமில் இருக்கும் இன்னொருவர் எடுக்கட்டும், நான் காலையில் சீக்கிரமே உட்கார்ந்து எல்லாவற்றையும் தயார் செய்துவிடுகிறேன் என்றேன். லீட் நீங்கள்தானே என்றார். அப்படியானால் அடுத்த வருஷ உயர்வைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். சரி என்றேன். இத்தனை நாள் அந்தச் சரியைச் சொல்லத்தான் பயந்துகொண்டிருந்தேன். சொன்ன பிறகும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போனை வைத்ததும் நான் மாடியைத்தான் பார்த்தேன். இப்போது நானும் உன் கட்சி, பார்த்துக்கொள் என்று நினைத்தேன்.

அந்த முதல் சாயங்காலம் மணிச் சத்தம் கேட்டதும் லேப்டாப்பை மூடினேன். முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையைப் பின்னாமல் உதறி விரித்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் போனேன். என் மகள் கீழ்ப்படியிலிருந்து எழுந்து, ஏறப் போகிற நேரம்.

"பாப்பா, வா. அம்மாவும் நீயும் ஆத்துக்குப் போவோம்."

அவள் என்னைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். மேலே ஓரகத்தி கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "போயிட்டு வாடா செல்லம்" என்று கையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகம் கொஞ்சம் விழுந்ததைப் பார்த்தேன். எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன், நன்றாக இனித்தது. என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் எல்லாரும் பார்க்கட்டும் என்று நடு ரோட்டிலேயே நடந்தேன்.

மேட்டூர் திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. கரை நிறைய ஓடியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பையன்கள் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள், பஸ் ஹாரன் ஒரு பக்கம், டீக்கடைப் பாட்டு ஒரு பக்கம். சொல்ல வேண்டியதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். நாங்கள் மரத்தடிக் கட்டையில் உட்கார்ந்தோம்.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றேன்.

அவள் எழுந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கிசுகிசுவென்று, "டான்ஸுக்கு என்னைய சேத்துட்டாங்க" என்றாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ரகசியம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் குனிந்து மெதுவாக, "எந்த டான்ஸுக்கு?" என்றேன். மறுபடி காதருகே வந்து, அதே அவசரத்தில், "ஆண்டு விழாவுக்கு. முதல் வரிசை" என்றாள். ஒதுங்கி நின்றாள். இது ஊருக்கே சொல்லிக் குதிக்க வேண்டிய விஷயம். மாடியிலிருந்து என் ஹெட்போனைத் தாண்டி வந்த குரல் இதுதானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"ஏன் பாப்பா மெதுவா பேசற? இங்க யார் இருக்கா? சத்தமா சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரித்துவிட்ட என் தலைமுடியையே பார்த்தாள். காது இருக்கிற இடத்தைத் தேடுகிறாள் என்று எனக்கு உடனே புரியவில்லை.

"ம்யூட்ல இருக்கியாம்மா?" என்றாள்.

இரண்டு பக்கமும் முடியை ஒதுக்கி, காதில் ஒன்றும் இல்லை என்று காட்டினேன். அவள் இந்தப் பக்கம் வந்து ஒரு காதைப் பார்த்தாள். சுற்றிப் போய் இன்னொரு காதையும் பார்த்தாள். தலையாட்டினாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாட்டு, யார் யார், என்ன கலர் டிரஸ் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவ்வளவையும் என் காதில்தான் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள்.